தகரத்துக்கு வெளியே ஒரு பயிற்றுநர்

ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் நீச்சல் அணிக்கு இரண்டு வருடங்கள் பயிற்சி கொடுத்தேன். அந்த இரண்டு வருடப் பயிற்சியில் அவர்கள் நீந்தி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைத் தேடி வந்து, "சேர், உங்கடை அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது உங்கள் முகங்களில் ஒரு மரியாதை தெரிந்தது. அதை அதிக நேரம் வைத்திருக்க வேண்டாம். எனக்குப் பழக்கமில்லை, கூச்சமாக இருக்கிறது.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை. குடாநாட்டில் இருந்துகொண்டு அதை மறைப்பது திருவிழாவில் தேரைத் துணி போட்டு மறைப்பது மாதிரித்தான். ஆனாலும் மறைப்போம். மேலே இருப்பவர்களுக்கு ஒரு மனத்திருப்தி.

நான் அடிப்படையில் கரப்பந்தாட்டக்காரன். நீச்சலுக்கு என்னைப் போட்டதற்கு ஒரே காரணம் நான் கொழும்புத்துறையில் பிறந்தவன் என்பது. கடலோரத்தில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாமல் இருக்காது என்று நேர்முகத் தேர்வில் அவர்களே முடிவெடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் கடலில் முழங்கால் மட்டும் நனைய வெகுதூரம் நடந்து போகலாம் என்பதை அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு ஒழுங்காகப் படித்து, தண்ணீர் குடித்து, சான்றிதழும் எடுத்தேன். அந்த வரிசையில்தான்.

பெண்கள் அணி தொடங்கிய முதல் நாள் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களோடு ஏழு அம்மாமார் வந்தார்கள். கணக்கில் பிழையில்லை. ஒருத்தி தன் பெரியம்மாவையும் கூட்டி வந்திருந்தாள். ஏழாவது ஆள் யாருடைய அம்மா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒருநாள்கூட அவர் வராமல் விட்டதில்லை.

இந்த அம்மாமாருக்குத் தலைவி ரீச்சர். பருத்தித்துறையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பள்ளிக்கூடம் முடிந்தபின் வீட்டில் பொடியன்களுக்கும் வகுப்பு எடுத்தவர். வடமராட்சியில் பின்னம் தெரிந்த எவரும் அவரிடம் ஒருமுறையாவது காது முறுக்கு வாங்கியவராக இருப்பார். அவருடைய மகள் ஜெரூஷா எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி.

ரீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்ரர், நீங்கள் நல்ல மனுசன் எண்டு நாங்கள் எல்லா இடமும் விசாரிச்சனாங்கள்."

"நன்றி ரீச்சர்."

"நல்ல மனுசன் வெளியிலை இருந்தாலும் நல்ல மனுசன்தானே?"

இதற்கான பதிலை இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது வந்தால் சொல்லுங்கள்.

நாங்கள் பயிற்சி செய்தது நகரத்தில் ஒரு விடுதியின் நீச்சல் தடாகத்தில். கிழமைக்கு மூன்று நாள், காலையில் ஒரு மணித்தியாலம் பெண்களுக்கென்று பல்கலைக்கழகம் எடுத்துக் கொடுத்தது. ரீச்சரின் வேண்டுகோளின்படி விடுதிக்காரர் தடாகத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலாகத் தகரம் அடித்தார். பிள்ளைகள் தண்ணீரில். அம்மாமார் கரையில், கதிரை போட்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு. பயிற்றுநர் தகரத்துக்கு வெளியே, வேப்பமரத்தின் கீழ் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில், கழுத்தில் விசிலோடு.

தொடக்கத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று அம்மாமாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என நினைத்தேன்.

"ரீச்சர், இப்ப ஆர் முன்னுக்கு?"

"எல்லாப் பிள்ளையளும் நல்லாத்தான் நீந்துகினம் மாஸ்ரர். ஒருத்தரையும் குறைச்சுச் சொல்லேலாது."

"கடைசியா ஆர் வாறது?"

"அப்பிடிப் பிரிச்சுப் பாக்கக் கூடாது."

ஆகவே காதை நம்பவேண்டி வந்தது. சிரிக்காதீர்கள். இரண்டு மாதம் போனதும் யார் எந்தக் கையைத் தண்ணீரில் அறைகிறாள், யார் மூச்செடுக்கத் தலையை அளவுக்கு மேல் தூக்குகிறாள் என்பதெல்லாம் கேட்கத் தொடங்கிவிட்டது. கலைச்செல்வி நீந்தினால் புதுச்சீலை கிழிவது போலக் கேட்கும். பருத்தித்துறையில் வள்ளம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். நடக்கப் பழகும் முன்பே கடலில் இறங்கியவள். எங்கள் அணியின் வேகமெல்லாம் அவளிடம்தான் இருந்தது. ஜெரூஷா நீந்தினால் தையல் மெசின். கூடவும் மாட்டாள், குறையவும் மாட்டாள். மற்ற மூன்று பேருக்கும் தனித்தனிச் சத்தங்கள் இருந்தன. ஒருத்தியுடையது கிணற்றடியில் வாளி கவிழ்ப்பது போல இருக்கும் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். அவள் இப்போது பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு தகரத்தைப் பார்த்து, "இடக்கையை மெதுவா வை பிள்ளை! தலையைத் தூக்காதை!" என்று கத்துவேன். விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தள்ளி நின்று, கைகூப்பி, பிறகு என்னைப் படமெடுத்துக்கொண்டு போனார். ஏதோ ஒரு நாட்டில் யாழ்ப்பாணத்து வழிபாட்டு முறைகளில் ஒன்றாக நான் இருக்கக்கூடும்.

பிள்ளைகள் ஏமாற்றிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். ஒருநாள் சத்தம் மிகவும் அழகாக வந்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் ஒரே தாளத்தில். எனக்கே பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் போகத்தான் யோசித்தேன், எவரும் திரும்பும் சத்தம் வரவில்லையே. சுவரைத் தொட்டுத் திரும்பும்போது சத்தம் ஒருமுறை அறுந்து பிறகு தொடர வேண்டும். இங்கே அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. கூர்ந்து கேட்டால் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மொறுமொறு என்று இன்னொரு சத்தம். பருத்தித்துறை வடை. கரையில் இருந்து காலால் தண்ணீரை அடித்துக்கொண்டே தின்கிறார்கள்.

"பிள்ளையள்," என்றேன், "முடிவில்லாத தடாகத்திலை நீந்துறியள் போலை கிடக்கு. வடையைத் திண்டு முடிச்சிட்டுக் காலை ஆட்டினால் போதும். எனக்கும் ரெண்டு தகரத்துக்கு மேலாலை விடுங்கோ."

உள்ளே ஒரே சிரிப்பு. வடை மேலால் வந்து என் தலையில் விழுந்தது. கலையின் குரல்: "சேர், உங்களுக்குக் காதிலை கண் இருக்கோ?" ரீச்சரின் குரல்: "பாத்தியளோ, நல்ல பயிற்றுநருக்குப் பாக்கவேண்டிய தேவையே இல்லை." தன் தீர்ப்புக்கு அவர் அன்று ஆதாரமும் தேடிக்கொண்டார்.

இனி நெருக்கடிக்கு வருகிறேன்.

இரண்டாம் வருட முடிவில் விளையாட்டுக் குழுவிலிருந்து என்னை அழைத்துப் பேசினார்கள். ஆண்கள் அணியும் அந்தக் காலை நேரத்தைக் கேட்கிறது என்றும், இருப்பது ஒரு நேரம்தான் என்றும், பெண்கள் அணி வரப்போகும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஏதாவது ஒன்றில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நேரம் பெண்களுக்கே, இல்லாவிட்டால் ஆண்களுக்கு என்றும் சொன்னார்கள். நான் தகரத்துக்கு வெளியே நின்று இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். உள்ளேயிருந்து கலை சொன்னாள்:

"நான் கடைசி வருசம் சேர். எனக்குப் பிரச்சினையில்லை. கடல் இருக்கு. எங்களுக்குப் பிறகு வாறவையள் எங்கை நீந்துறது?"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து சீலை கிழியும் சத்தம் இன்னும் கூர்மையானது. நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. ஒரு பிள்ளை திடீரென்று முன்னேறினால் முதலில் ஏன் என்று கேளுங்கள், பிறகு சந்தோஷப்படுங்கள். நான் வரிசையை மாற்றிச் செய்தேன்.

போட்டி தெற்கில் ஒரு நகரத்தில் நடந்தது. எங்கள் அணி போன முதல் போட்டி அதுதான். போட்டியில் எப்படியும் ஆண்கள் கனபேர் நிற்பார்கள், ஒருவர் கூடினால் பெரிய வித்தியாசமில்லை என்று ரீச்சர் எனக்குக் கரையில் நிற்க அனுமதி தந்தார். துணைக்கு அவரும் வந்தார். ஆக, என் அணி நீந்துவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

பார்த்ததில் ஒரு பிரயோசனமும் இல்லை. எல்லோரும் தொப்பி போட்டு, கண்ணாடி போட்டு, ஒரே மாதிரி இருந்தார்கள். கலையின் தனிப் போட்டியில் நான் கரையோரமாக ஓடி, "கலை, கையை நீட்டு! நீட்டிப் பிடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவளும் நீட்டினாள். அருமையாக நீட்டினாள். முதலாவதாக வந்தாள். தொப்பியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, அது வேறொரு பல்கலைக்கழகத்துப் பிள்ளை. தமிழ்ப் பிள்ளை. "தாங்ஸ் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் கலை ஐந்து தடம் தள்ளி, கடைசிக்கு முந்தியவளாக வந்துகொண்டிருந்தாள்.

கலையா இது? முதல் மேடைப் பயமாக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அன்று பின்னேரத்துக்குள் தனிப் போட்டிகளில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கரை ஒதுங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது அஞ்சல் நீச்சல் ஒன்றுதான். நால்வர் ஒருவர்பின் ஒருவராக நீந்துவது. அதில் மட்டும் எப்படியோ இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தோம். கலை கடைசி ஆளாக நீந்துவாள். ஜெரூஷா மாற்று ஆள்.

அடுத்த நாள் இறுதிச் சுற்றுக்கு முன் பிள்ளைகள் உடம்பைச் சூடாக்க இறங்கினார்கள். நான் கலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நேரத்தைப் பிடித்துப் பார்த்தாலும் எங்கள் பிள்ளைகளில் அவளே வேகம். ஆனால் ஏதோ ஒன்று என்னை அரித்தது. கண்ணை மூடிக் கேட்டேன். ஒலிபெருக்கி, கைதட்டல், கூரையில் மோதித் திரும்பும் கூச்சல். ஒன்றும் பிடிபடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையாண்டேன். வெளியே போனேன்.

கட்டடத்தின் பின்பக்கம் ஆளில்லாமல் இருந்தது. கலை நீந்திய தடம் அந்தச் சுவரோரமாகத்தான் போனது. சுவரில் காற்றுப் போகத் துவாரங்கள் இருந்தன. சுவரில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சீலை கிழிந்தது. ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று. வலக்கை கிழித்தது. இடக்கை பிந்தி வந்து, கல்லைப் போட்டது போல விழுந்தது.

அந்த நேரம் என் தோளில் ஒரு கை விழுந்தது. காவலாளி. வயதுபோன ஓர் ஆள் பெண்கள் நீந்தும் இடத்தின் பின்சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த மனுசன் வேறு என்ன நினைப்பார்? சிங்களத்தில் ஏதோ அதட்டினார். என் சிங்களம் பஸ்ஸில் இறங்குவதற்கு மட்டும் போதுமானது. பதற்றத்தில் அதையே சொன்னேன். இந்த இடத்தில் இறங்கப் போகிறேன் என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற நேரம், என்னைக் காணவில்லையென்று தேடி வந்த ரீச்சர் மூலையில் திரும்பினார். ரீச்சருக்குச் சிங்களம் நன்றாக வரும். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் இருத்தும் அந்தக் குரலில் அவர் காவலாளிக்கு ஏதோ சொன்னார். காவலாளி என் கையை விட்டார். விட்டது மட்டுமில்லை, என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடும் பார்த்தார்.

"என்ன ரீச்சர் சொன்னனீங்கள்?"

"இவர் எங்கடை பயிற்றுநர், இவரை நாங்கள் எப்பவும் வெளியிலைதான் விடுறனாங்கள் எண்டு சொன்னனான்."

"அவ்வளவுதானோ?"

"உள்ளுக்கை விட்டால் ஒண்டும் விளங்காது எண்டும் சொன்னனான். இப்ப சொல்லுங்கோ, என்ன கேட்டது?"

"கலைக்கு இடத்தோள் நோ. ஒளிக்கிறாள்."

ரீச்சரின் முகம் மாறியது. "காலமை அவளுக்குத் தலை பின்னிவிட்டது என்ரை மகள்," என்றார் மெதுவாக. "கை அலுப்பாக் கிடக்கு, நீ பின்னிவிடு எண்டு கேட்டவள். நேற்றும் அப்பிடித்தான்."

உள்ளே போய்க் கலையைத் தனியாகக் கூப்பிட்டோம். துவாயைப் போர்த்திக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"தோள் எப்பிடிப் பிள்ளை?"

"ஒண்டுமில்லை சேர்."

நீங்கள் இந்த வேலையில் இருக்கும்வரை "ஒண்டுமில்லை சேர்" என்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். கேட்டதும் நம்பிவிடாதீர்கள். சண்டையும் பிடிக்காதீர்கள். செய்யச் சொல்லுங்கள்.

"சரி. தொப்பிக்குள்ளை தலை அவிண்டு கிடக்கு. ஒருக்காப் பின்னு பாப்பம்."

அவள் கைகளைத் தூக்கினாள். வலக்கை தலைக்குப் பின்னால் போனது. இடக்கை காதுவரை வந்து நின்றுவிட்டது. சிரிப்பும் அங்கேயே நின்றுவிட்டது.

"எப்ப தொடக்கம்?"

"ஒரு மாசம் இருக்கும் சேர்." பிறகு அடக்க முடியாமல் கொட்டினாள். "ஒரு மணித்தியாலம் எனக்குக் காணாது எண்டு ஒவ்வொரு நாளும் வீட்டடிக் கடல்லை நீந்தினனான். அலைக்கு எதிரா. வெண்டால்தானே நேரம் எங்களுக்கு? அதுக்குத்தான்."

"இண்டைக்கு நீ இறங்கேல்லை. ஜெரூஷா இறங்குவாள்."

அவள் கண்கள் சிவந்தன. "சேர், இந்த நோவோடையும் நான் அவளை விட வேகம். நீங்களே நேரம் பிடிச்சுப் பாருங்கோ!"

உண்மை. அதுதான் கொடுமை. நேரம் பிடித்துத்தான் வைத்திருந்தேன். அரைக்கையோடு கலை, முழுக்கையோடு ஜெரூஷாவைவிட வேகம்.

இந்த இடத்தில் ரீச்சரும் சேர்ந்துகொண்டார். "மாஸ்ரர், என்ரை பிள்ளையைப் போடாதேங்கோ. அவள் பயந்தாங்கொள்ளி. அதோடை, அம்மாவுக்குப் பயந்து மாஸ்ரர் மகளைப் போட்டிட்டார் எண்டு சனம் கதைக்கும்."

"சனம் கதைக்கிறது சரிதானே ரீச்சர். எனக்கு உங்களிலை பயம்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. என் தொழில் வாழ்க்கையில் ஒரு பகிடி அவ்வளவு தனிமையில் செத்ததில்லை.

கலை விடவில்லை. "எங்கடை அப்பா கை வெட்டுப்பட்டு இரத்தம் வழிய வழிய வலை இழுத்தவர். ஒரு நாளும் பாதியிலை விடேல்லை. நான் அவரின்ரை பிள்ளை."

சொல்லிக்கொடுத்த பயிற்சி நெறியில் இதற்கு ஒரு பாடமும் இல்லை. நான் கேட்டேன்:

"அண்டைக்கு வள்ளத்திலை அப்பாவுக்குப் பதிலா இழுக்க வேறை ஆக்கள் இருந்தவையோ?"

அவள் துவாயின் விளிம்பைப் பிடித்து முறுக்கினாள்.

"சொல்லு பிள்ளை. இருந்தவையோ?"

"இல்லை."

"உனக்கு இருக்கு. அங்கை நிக்கிறாள்."

அவள் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி இருந்துவிட்டாள்.

நான் அப்போது அமைதியாக, தெளிவாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளின் காலை நேரம் என் ஒரு சொல்லில் போகப் போகிறது என்று தெரிந்தது. கலையை இறக்கினால் மூன்றாவது இடம் கிடைக்கலாம், தோளும் ஒருவேளை தாங்கலாம். அந்த "ஒருவேளை"யைத்தான் நான் விலைக்கு வாங்க மாட்டேன் என்று முடிவெடுத்தேன். நெருக்கடியில் முடிவெடுப்பது என்றால், நீங்கள் எதை இழக்கத் தயார் என்று முதலில் பார்ப்பதுதான். நேரம் போனால் சண்டை போட்டு மீட்கலாம். தோளை மீட்க என்னிடம் ஆளில்லை.

அடுத்தது வரிசை. கலையின் கடைசி இடத்தில் ஜெரூஷாவை விட்டால், மற்ற மூவர் நீந்தி முடியும்வரை நின்று நின்று பயப்பட அவளுக்கு நேரம் கிடைக்கும். ஆகவே அவளை முதலாவது ஆளாகப் போட்டேன். அவளிடம் சொன்னதும் வெளிறிப் போனாள்.

"சேர், நான் எப்பிடி..."

"தையல் மெசின் எப்பிடி ஓடுமோ அப்பிடி. அவ்வளவுதான். போ."

ரீச்சர் ஜெபம் செய்யத் தொடங்கினார். பயிற்சி நாட்களில் அவருடைய ஜெபம் எங்கள் ஒரு மணித்தியாலத்தில் கணிசமான பங்கை எடுத்துவிடும். அன்று மட்டும் "கர்த்தாவே, பார்த்துக்கொள்ளும்" என்று முடித்துக்கொண்டார்.

விசில் கேட்டது. ஜெரூஷா பாய்ந்தாள். நான் இந்த முறை ஒரு தடத்தையும் பார்த்துக் கத்தவில்லை, மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தது போதும் என்று. ஆனால் கலை எழுந்துவிட்டாள். துவாயை எறிந்துவிட்டு, ஒரு கையைத் தூக்க முடியாமல் மற்றக் கையை ஆட்டி ஆட்டி, "ஜெரூ! விடாதையடி! ஜெரூ!" என்று கத்தினாள். ஜெரூஷா தன் வாழ்க்கையில் முதல்தடவையாகத் தையல் மெசினை வேகமாக மிதித்தாள். மூன்றாவதாக வந்து தொட்டாள். இரண்டாவது பிள்ளை அந்த இடத்தைக் காப்பாற்றினாள். மூன்றாவது பிள்ளையும் காப்பாற்றினாள். கடைசிப் பிள்ளை பாதித் தூரம்வரை காப்பாற்றினாள். பிறகு பக்கத்துத் தடத்தில் ஒருத்தி நெருங்கி வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கையை நீட்டினார்கள். மற்றவளுடைய விரல் நீளம்.

நாலாவது.

சரியான முடிவை எடுத்தால் வெற்றி வரும் என்று உங்களுக்கு யாராவது கருத்தரங்கில் சொன்னால், தேத்தண்ணி இடைவேளையில் எழும்பி வந்துவிடுங்கள். நான் எடுத்தது சரியான முடிவு. நாங்கள் தோற்றோம். இரண்டும் ஒரே பின்னேரத்தில் நடந்தன.

திரும்பி வரும் பஸ்ஸில் கலை என்னோடு கதைக்கவில்லை. வவுனியா தாண்டிய பிறகு என் சீற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சேர், நீங்கள் செய்தது சரியெண்டு எனக்குத் தெரியும்."

"ம்."

"எண்டாலும் உங்களோடை கோவம்."

"இருக்கட்டும் பிள்ளை. ஆறுதலாக் கோவி."

அவள் போய் ஜெரூஷாவுக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய தோளில் தன் நல்ல தோளைச் சாய்த்துக்கொண்டு நித்திரையானாள். வைத்தியர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு போட்டி நீந்தியிருந்தால் வெட்டிப் பார்க்கவேண்டி வந்திருக்கும் என்றார். கை கட்டுப்போட்டுத் தொங்கியது. கோபம் தொங்கியபடியே இருந்தது.

விளையாட்டுக் குழு சொன்ன சொல் தவறவில்லை. காலை நேரம் ஆண்கள் அணிக்குப் போனது. நான் போய் வாதாடினேன். நாலாவது மூன்றாவதுக்கு மிகவும் கிட்ட என்று எடுத்துச் சொன்னேன். எல்லா இலக்கமும் இன்னொரு இலக்கத்துக்குக் கிட்டத்தான் என்றார்கள். திரும்பி வந்து ரீச்சருக்குச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அப்ப நாளைக்கு அவையின்ரை நேரம்," என்றார். "நல்லது."

அந்த "நல்லது" எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாள் காலை நானும் போனேன்.

ஆண்கள் அணியின் பொடியன்கள் துவாயைக் கட்டிக்கொண்டு தகர வாசலில் வரிசையாக நின்றார்கள். உள்ளே போகாமல் நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். தடாகக் கரையில், வழக்கமான இடத்தில், வழக்கமான கதிரைகளில், ஏழு அம்மாமாரும் இருந்தார்கள். பிளாஸ்க் திறந்திருந்தது. நடுவில் கட்டுப்போட்ட கையோடு கலை.

அணித் தலைவன் தயங்கித் தயங்கி உள்ளே ஓரடி வைத்தான். "ரீச்சர், இது இப்ப எங்கடை நேரம்..."

"ஓம் தம்பி, தெரியும். வாங்கோ, இறங்கி நீந்துங்கோ. நாங்கள் ஒரு கரையிலை இருந்து பாக்கிறம்." ரீச்சர் கண்ணாடியைச் சரிசெய்து அவனைப் பார்த்தார். "நீ என்னட்டைப் பின்னம் படிச்சனியெல்லே? இப்ப வடிவா வளந்திட்டாய். துவாயை அந்தக் கதிரையிலை போடு."

அவன் துவாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். பின்னால் நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவர் ஒளிந்தார்கள். அவர்களில் ஒருவனை ஏழாவது அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோரும் சுகமோ என்று விசாரித்தார். அன்று ஒருவனும் தண்ணீரில் இறங்கவில்லை. அடுத்த தடவையும் இறங்கவில்லை. அம்மாமார் ஒருவரையும் தடுக்கவில்லை, ஒரு வார்த்தை பிழையாகச் சொல்லவில்லை. வந்தார்கள், இருந்தார்கள், பார்த்தார்கள்.

மூன்றாம் தடவை கலை வாய்திறந்தாள்.

"கப்ரின் அண்ணை, ஒரு விசயம் கேக்கலாமோ? அங்கை நாங்கள் நாலாவதா வந்தனாங்கள். நீங்கள் எத்தினையாவது?"

அவன் துவாயின் முடிச்சைப் பார்த்தான். "எட்டு அணிதானே வந்தது," என்றான்.

கலை திரும்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். அந்தப் பஸ்ஸுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

அன்றைக்கே அணித் தலைவன் விளையாட்டுக் குழுவிடம் போய், எங்களுக்கு இந்த நேரம் வேண்டாம், காலை நேரத்தைப் பெண்பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுங்கோ என்று கேட்டிருக்கிறான். ஏன் என்று விசாரித்ததற்கு, காலைக் குளிர் தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னானாம். யாழ்ப்பாணத்தில். சித்திரை மாதத்தில்.